ஏழாம் நம்பர் கொடி

“...என்னைத் தவிர ஒருத்தர் கையும் உன் மேல படல சார். ஆம்பளைங்க யாரும் அந்தாண்ட பக்கமே வரல. நம்பலன்னா சொல்லு, மலையனூர் ஆத்தா மேல கற்பூரம் அணைச்சிக் காட்டறேன்” என்றது அந்த அக்கா.

மேனேஜர் சார் தன் வீட்டு கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. மேல் உதட்டில் தையல். முன்பல் இரண்டு இல்லை. மடியில் ஒரு வெள்ளைத்தாள், அதில் அவரை அடித்த பதினொரு பேருடைய பேர். அந்தத் தாள் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும்.

போனால் என்ன ஆகும் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஏரிக்குள் குடியிருக்கிற எட்டு வீட்டு ஆட்கள் கும்பலாகச் சேர்ந்து ஒரு பெரிய மனுஷனை அடித்தார்கள் என்று கேஸ் ஆகும். ஏரிக்குள் எட்டு வீடு இருக்கிறது என்பது அத்தனை வருஷம் யாருக்கும் ஞாபகம் வராத விஷயம். போலீஸ் பேப்பரில் ஏறிவிட்டால் எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிடும். அடுத்த வாரமே ஜேசிபி வந்து நிற்கும்.

அந்த அக்கா சொன்னது பொய் என்பதும் மூன்று பேருக்கும் தெரியும். அடி வாங்கியவர் அவர். இடையில் போய் அடி வாங்கியவன் நான்.

எனக்குச் செஞ்சியில் வெல்டிங் பட்டறை. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. யாராவது நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சாக்பீஸ் எடுத்துப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துவிடுவேன். சுவர்தான் எனக்கு நோட்டு. வெள்ளையடிக்கிற வருஷம் மனசுக்கே கஷ்டமாக இருக்கும். அந்தச் சுவரில் மேனேஜர் சார் சொன்னதுதான் அதிகம் இருந்தது.

அவர் பஜாரில் ஒரு பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். சம்சாரம் தவறிப்போய், ஒரே பொண்ணு வெளிநாட்டில் இருக்க, சிங்கவரம் போகிற ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். முன்பு வடக்கே ஒரு மிலிட்டரி ஊரில் வேலை பார்த்தபோது அங்கிருந்த ஆபீசர்களோடு சேர்ந்து கோல்ஃப் பழகினாராம். அந்த ஆசை அவரை விடவே இல்லை.

முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது உடைந்த மட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். இப்படி மெல்லிசான குழாயை எதுக்கு சார் இப்படி உடைச்சீங்க என்று கேட்டேன்.

“பாறையில அடிச்சிட்டேன்.”

“பந்தை அடிக்கறதுக்குத்தானே இது?”

“இருபத்தெட்டு வருஷம் கவுண்டருக்குப் பின்னாடி உக்காந்து சிரிச்சிருக்கேன்பா. வந்தவன்லாம் மேசையக் குத்துவான், ஃபைலைத் தூக்கி எறிவான், ஒருத்தன் என் சட்டைக் காலரையே புடிச்சான். எல்லாத்துக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பையெல்லாம் இப்ப அடிச்சி வெளிய அனுப்பறேன்.”

அன்றைக்கே சுவரில் எழுதிவிட்டேன். அவர் பந்தை அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். மனுஷன் பேசுவது பூ மாதிரி. ஆனால் மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி இறக்கும்போது கழுத்து நரம்பு கயிறாகப் புடைக்கும், பல்லைக் கடிப்பது பத்தடி தள்ளிக் கேட்கும். விறகு பிளக்கிறவன் முகத்தில் கூட அவ்வளவு கோபம் இருக்காது.

விளையாடுகிற இடம், ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஏரி. சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றித் தரை மேசை மாதிரி இறுகிவிடும். புல்லுக்கு எங்கே போவது? குழியைச் சுற்றி ஆத்து மணலைக் கொட்டி, பக்கத்து மெக்கானிக்கிடம் கழிந்த எஞ்சின் ஆயிலை வாங்கிவந்து ஊற்றி, துடைப்பத்தால் வழித்து வழித்து மழமழவென்று ஆக்கியிருந்தார். செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் சும்மா இருக்குமா, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கடித்துப் பார்த்துவிட்டுப் பாறை மேலிருந்து இவரைக் குறிவைத்தே வீசும். பஜாரில் ஒரு செட்டியார் சொல்வார்: “மாடு மேய்க்கறவனுக்கு சாயங்காலம் மாடாவது மிஞ்சும். இவரு பந்து மேய்க்கறாரு, அதையும் கொரங்குக்கு ஊட்டறாரு.”

கோல்ஃபுக்குப் போக மீதி உயிரை ஊருக்குக் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு கண் முகாம். வந்தவர்கள் பேரை எல்லாம் அவரே கைப்பட எழுதுவார், ஆபரேஷன் ஆனவர்களை அவரே வேனில் ஏற்றி வீட்டில் விடுவார். அதைவிட முக்கியம் ஃப்ரீசர் பெட்டி. ஒரு வீட்டில் சாவு விழுந்து, திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கிற பிள்ளை வந்து சேர்கிற வரைக்கும் உடம்பைக் குளிர வைக்கிற கண்ணாடிப் பெட்டி. ஏழை வீடு என்றால் தம்பிடி கிடையாது. ஆள் அனுப்பமாட்டார், தானே வேனில் கூட வந்து பிளக்கை மாட்டி, குளிர் ஏறுகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போவார். இதற்கும் அந்தச் செட்டியார் ஒன்று வைத்திருந்தார்: “உசுரோட இருந்தப்ப ஃபேன் இல்ல, செத்தப்பறம் ஏசி.” பெட்டியின் சக்கரம் ஒடியும்போதெல்லாம் நான்தான் வைத்துக் கொடுப்பேன்.

அந்த அக்கா ஏரிக்குள் இருந்த எட்டு வீட்டில் கடைசி வீட்டுக்காரம்மா. நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குகிற வேலைக்குப் போகும். வயசு அறுபதை ஒட்டி இருக்கும். புருஷன் செத்தபோது இரண்டு நாள் அந்தப் பெட்டியில்தான் கிடந்தார். அடுத்த வருஷமே அதே சார் நடத்திய முகாமில் அக்காவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்றைக்கு, “சார் மொகத்துல இம்மா அம்மை தழும்பு இருக்குதா, தெரியாம சாமின்னு கும்புட்டுக்கினு இருந்தனே” என்று சொல்லி முகாமையே சிரிக்க வைத்தது. அதுவும் என் சுவரில் இருந்தது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் கோடையில் அனந்தபுரம் பக்கத்தில் ஒரு ஏரியைச் சர்க்காரில் இருந்து வந்து அளந்தார்கள். எல்லைக்கு நட இரும்புக் கம்பம் வேண்டும் என்று ஒரு கான்ட்ராக்டர் என்னிடம் ஆர்டர் கொடுத்தார். ஆள் உயரக் குழாய், மேலே சின்னத் தகரம், தகரத்தில் நம்பர். பாதி சிவப்பு, பாதி வெள்ளை. செய்தேன். என் பட்டறையில் இருந்து எது வெளியே போனாலும் அடியில் மூன்று புள்ளி வைப்பேன், வெல்டிங் ராடால் தொட்டுத் தொட்டு எடுத்த மூன்று பொட்டு. கேட்டாலும் ஜன்னலானாலும் என் வேலை என்று தெரிய வேண்டும் இல்லையா, அந்தப் பெருமைதான்.

கம்பம் நட்ட பத்தாம் நாள் ஜேசிபி போனது. மிச்சக் காசு வாங்கப் போன நான் அதைப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. ஒரு வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது, தேதி கூடக் கிழித்திருந்தார்கள். ஜேசிபி பல்லு அந்தச் சுவரைக் காலண்டரோடு கடித்து எடுத்தது. உள்ளே உலையில் சோறு. ஒரு பொம்பளை வண்டிக்கு முன்னால் போய்ப் படுக்க, இரண்டு பெண் போலீஸ் காலைப் பிடித்து இழுத்தார்கள், முதுகெல்லாம் சரளைக்கல் கிழித்தது. அவள் புருஷன் ஓங்கிய கடப்பாரையைப் பிடுங்கி அதன் பின்பக்கத்தாலேயே அவன் தோளில் போட்டார்கள். எலும்பு உடைகிற சத்தம் பச்சை முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம்தான், வேறு மாதிரி இல்லை. அந்தப் பொம்பளை யாரென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நம்ம அக்காவின் கூடப்பிறந்த தங்கச்சி. அக்கா அன்றைக்கு அங்கேயே நின்று, தங்கச்சி வீட்டுப் பின்னால் நட்டிருந்த கம்பத்தை அடி முதல் நுனி வரைக்கும் பார்த்திருக்கிறது.

அந்த வாரம்தான் மேனேஜர் சார் வந்தார். முகத்தில் கல்யாணக் களை. புதுச்சேரியில் இருந்தும் மெட்ராஸில் இருந்தும் அவரோட பழைய சிநேகிதர்கள் கோல்ஃப் ஆட வருகிறார்களாம். ஆடுகிற ஒவ்வொருத்தரும் சில பேருடைய கண் ஆபரேஷன் செலவை ஏற்றுக்கொள்வதாகப் பேச்சு. அதனால் மூன்று குழியை ஒன்பது ஆக்கப் போகிறார். குழிக்கு ஒன்றாக ஒன்பது கொடி வேண்டும். “துணி வேணாம்பா, காத்துல கிழியுது. தகரம் வை. நம்பர் தூரத்துலேர்ந்து தெரியணும்.”

பட்டறையில் குழாய் மிச்சம் இருந்தது. தகரம் மிச்சம் இருந்தது. சிவப்பும் வெள்ளையும் பெயிண்ட் டப்பாவில் கால்வாசி இருந்தது. அவர் ஊருக்காகச் செய்கிறார், நாமும் மிச்சத்தில் செய்து சும்மா கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நல்ல எண்ணம்தான். ஒன்றில் இருந்து ஒன்பது வரைக்கும் நம்பர் எழுதி, அடியில் மூன்று புள்ளி வைத்து, சனிக்கிழமை அவர் வீட்டில் இறக்கினேன். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் கூட எனக்கு உறைக்கவில்லை. இரும்பு எனக்கு இரும்புதான், பார்க்கிறவனுக்கு அது வேறு என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவரே தனியாக ஏரிக்குப் போய்க் கொடி நட ஆரம்பித்திருக்கிறார். கையில் நோட்டு. அவர் பொண்ணு அனுப்பிய தூரம் பார்க்கிற கருவி ஒன்று. ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எதிரே இருக்கிற மரமோ சுவரோ எத்தனை மீட்டர் என்று உள்ளே நம்பர் காட்டும். குழிக்கும் குழிக்கும் இடையில் அதை வைத்துப் பார்ப்பது, நோட்டில் எழுதுவது, கம்பத்தை நடுவது, மறுபடி பார்ப்பது. ஏழாவது கொடி சரியாக அக்கா வீட்டுப் பின்பக்கம், பூசணிக்கொடி படர்ந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி வந்தது. அங்கே நின்று கருவியைக் கண்ணில் வைத்து அந்த எட்டு வீட்டுச் சுவர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார், பந்து அந்தப் பக்கம் போய் யார் மேலாவது பட்டுவிடக் கூடாதே என்று.

அக்கா வெளியே வந்து, “இன்னா சார் பண்ற?” என்று கேட்டது.

அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில், “அளந்துகிட்டு இருக்கேம்மா. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் மெட்ராஸ்லேர்ந்து வராங்க” என்றாராம்.

அக்கா குனிந்து கம்பத்தின் அடியைப் பார்த்தது. தங்கச்சி வீட்டுக் கம்பத்தில் பார்த்த அதே மூன்று புள்ளி.

மற்றதை அக்காவே பிற்பாடு என்னிடம் சொன்னது. “கவர்மெண்டு ஆளா இருந்தா கால்ல உழுந்திருப்பேன்பா. இவரு யாரு? என் புருஷனைக் குளிர வச்ச மனுசன். இவரே வந்து நிக்கறாருன்னதும் என் கை என்கிட்ட இல்ல.”

கம்பத்தைப் பிடுங்கி அடித்தது. முதல் அடியைத் தடுக்கத் தூக்கிய இடது கை மணிக்கட்டிலேயே உடைந்தது. அவர் ‘அம்மா அம்மா’ என்றிருக்கிறார். “கண்ணு குடுத்தியே, எதுக்குடா? என் வூடு இடியறத நல்லாப் பாக்கறதுக்கா?” என்று கேட்டுக் கேட்டு அடித்ததாம். சத்தம் கேட்டு வீடுகளில் இருந்து ஆம்பளைகள் வந்தார்கள். என்ன ஏது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நட்டிருக்கிற கம்பங்களைப் பார்த்தார்கள், அது போதும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பேய் பத்து நாளைக்கு முன்னால்தான் பக்கத்து ஊரில் வீடு தின்றிருக்கிறது.

பட்டறையைத் திறந்துகொண்டிருந்த என்னிடம் ஒருத்தர் டிவிஎஸ்ஸை நிறுத்தி, “ஏரியில மேனேஜரைக் கொல்றாங்கப்பா” என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் பார்த்ததை உள்ளபடி சொல்கிறேன். அவர் பக்கத்திலேயே இருந்த பழைய குழி ஒன்றின் ஆயில் ஊற்றிய மணலில் மல்லாந்து கிடந்தார். முகமெல்லாம் கருப்பும் சிவப்பும் குழைந்து எது ஆயில் எது ரத்தம் என்று தெரியவில்லை. கத்தாதே என்று சொல்லி எவனோ அவர் வாயில் கோல்ஃப் பந்தைத் திணித்திருந்தான், அதில்தான் பல் போயிருக்கிறது. அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும் விஷயம். வயிற்றில் மிதித்தார்கள். ஒருத்தன் அவருடைய மட்டையை எடுத்துக் கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு அடிக்கும் ‘அள, அள’ என்று சொல்லிக்கொண்டு. இன்னொருத்தன் அந்தத் தூரம் பார்க்கிற கருவியைக் கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினான், நண்டு நசுக்குகிற மாதிரி. அக்கா மட்டும் ஒரு சத்தமும் போடாமல், கரும்புத் தோகை கழிக்கிற நிதானத்தோடு, அவர் காலில் கம்பத்தால் போட்டுக்கொண்டே இருந்தது.

நான் குறுக்கே விழுந்தேன். இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். அந்த இரும்பே நான் செய்ததாயிற்றே. செருப்புக் காலோடு ஒருத்தன் என் வலது காதில் மிதித்தான். அன்றையிலிருந்து அந்தக் காதில் ஒரு வண்டு குடியிருக்கிறது.

“விளையாட்டுக் கொடிடா, டேய், விளையாட்டுக் கொடி” என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள். ஓங்கின கம்பம் என் மூக்குக்கு நேராக வந்தபோதுதான் என் புள்ளிகளை நானே பார்த்தேன். அந்த நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, இந்த மூணு புள்ளி என்னுது, கவர்மெண்டு முத்திரை இல்ல. நான் வச்சது. உன் வூட்டு ஜன்னல்ல இருக்குது பாரு. போன பொங்கலுக்கு நான்தானே மாட்டிக் குடுத்தேன்.”

அக்கா இழுப்பதை நிறுத்தியது. திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தது. அங்கிருந்து முப்பது அடி இருக்கும். சார் வாங்கிக் கொடுத்த கண்ணுக்கு முப்பது அடி பெரிய தூரம் இல்லை. பிறகு கம்பத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

“தங்கச்சி வூட்டாண்ட நட்டதும் நீ செஞ்சதா?”

“ஆமாக்கா.”

கம்பத்தை விட்டுவிட்டு என் கன்னத்தில் ஒன்று வைத்தது. அன்றைக்கு விழுந்த அடிகளிலேயே நியாயமானது அதுதான். அந்தச் சத்தத்தில்தான் மற்றவர்கள் நின்றார்கள். நான் சாரைப் புரட்டி வாயில் விரலை விட்டுப் பந்தை எடுத்தேன். அது வழுக்கிக்கொண்டு, அவரே வழித்து மழமழப்பாக்கிய மணலில் உருண்டு, குழிக்குள் போய் விழுந்தது. எவனோ ஒருத்தன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதான்.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். நான்தான் கூட இருந்தேன். பெயிண்ட் கதை, புள்ளி கதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாம் நாள் ஓட்டைப் பல்லோடு முதல் வார்த்தை பேசினார். மன்னிச்சிட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்த நான்தான் முட்டாள்.

“ஒவ்வொருத்தன் பேரும் எனக்குத் தெரியும்பா. கண் முகாம்ல கண்ணாடி குடுத்தப்ப நானே எழுதினேன். அப்பன் பேரோட தெரியும்.”

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் காலை கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்தில் நின்று ஒற்றைக் கையால் மட்டையைப் பிடித்துக் கொய்யா மரத்தை அடித்துக்கொண்டிருந்தார். பட்டை உரிந்து மரம் தோலுரித்த ஆடு மாதிரி நின்றது. எத்தனை நேரமாக அடிக்கிறாரோ தெரியாது, உள்ளங்கை கிழிந்து மட்டையின் பிடி சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. “கை மட்டும் நல்லா இருந்தா ஒருத்தனையாவது கொன்னிருப்பேன். நெஜமா சொல்றேன். இத்தனை வருசம் நான் நல்லவன்னு நெனச்சது, யாரும் என்னை அடிக்காததனாலதான் போலிருக்கு.” இதை நான் சுவரில் எழுதவில்லை. எழுதாமலே மனசில் இன்னும் நிற்கிறது.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை வந்து போனார். “பேர் குடுங்க சார், மீதிய நாங்க பாத்துக்கறோம். அந்த எட்டு வீட்டையும் சேத்தே பாத்துடலாம்” என்றார். அந்த வீடுகளில் ஆம்பளை யாரும் இல்லை. அனந்தபுரம் பக்கம், மேல்மலையனூர் பக்கம் என்று சொந்தக்காரர்களின் நிலங்களில் போய் மறைந்துவிட்டார்கள். அக்கா மட்டும் எங்கும் போகவில்லை. நான் ஏரிப் பக்கம் போனபோது பூசணிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தது.

“சார் பேர் எழுதிட்டாராப்பா?”

“எழுதிட்டாரு.”

“எத்தினி?”

“பதினொண்ணு.”

“நல்லா படிச்ச மனுசன். ஒண்ணு கூட உடமாட்டாரே” என்றது. குடத்தைக் கீழே வைத்தது. “நான் வந்து பாக்கணும்.”

“அக்கா, அவரு பழைய சார் இல்ல.”

“நானும் பழைய ஆளு இல்ல. உன் கை பண்ண வேலைக்கும் சேத்து என் கைதான் பதில் சொல்லணும். வண்டியில ஏத்திக்கினு போவியா, மாட்டியா?”

முடிவு என்ன ஆயிற்று என்று படிக்கிறவர்கள் தவிக்க வேண்டாம், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். எட்டு வீடும் இன்றைக்கு வரைக்கும் நிற்கின்றன, இதை எழுதுகிற வரைக்கும். சார் அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனில் வேறு தாள் எழுதிக் கொடுத்தார். ஒரு அம்மா தெரியாமல் ஒரு அடி அடித்துவிட்டார், நான் தடுமாறிப் பாறையில் விழுந்துவிட்டேன், வேறு யாரையும் பார்க்கவில்லை, இவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு என் காதைக் காட்டி, “பாறை செருப்புப் போட்டுக்கினு இருந்துச்சா சார்?” என்று கேட்டார். சார் சிரித்தார். கவுண்டருக்குப் பின்னால் இருபத்தெட்டு வருஷம் சிரித்த அந்தச் சிரிப்பு. அக்காவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மணிக்கட்டு கோணலாகவே கூடியது. அவர் அப்புறம் ஏரியில் மட்டையைப் பிடிக்கவில்லை. மொட்டை மாடியில் ஒரு கையால் பந்தை உருட்டி டம்ளருக்குள் தள்ளுகிறதோடு சரி. கண் முகாம் மட்டும் நடக்கிறது. பேர் எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஏன் வேறு தாள் எழுதினார் என்பதற்கு அந்தக் கார் ஷெட்டுக்கு மறுபடி போக வேண்டும்.

கற்பூரம் அணைக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கொளுத்தி வைத்த கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், பஞ்சாயத்தானாலும் சரி பங்காளி சண்டையானாலும் சரி, அங்கேயே முடிந்தது. ஆனால் பொய்ச் சத்தியம் செய்தால் அங்காளம்மா முதலில் எடுப்பது கண்ணை. அமாவாசை அமாவாசைக்குப் பஸ் பஸ்ஸாக மேல்மலையனூர் போகிற ஜனத்தில் இதை நம்பாதவர் ஒருத்தரைக் காட்டுங்கள். அக்கா நம்பியது. சின்ன வயசில் பொய்ச் சத்தியம் பண்ணிக் குருடான ஒரு சித்தப்பனின் கதையை அதுவே என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறது.

“வேணாம்மா” என்றார் சார். “நான் யாரு யாருன்னு பார்த்தேன்மா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“நீ பாத்தது இருக்கட்டும் சார். நான் சொல்றதுதான் சத்தியம்.”

“பொய்ச் சத்தியம்னு உனக்கே தெரியும்.”

“தெரியும்.”

“அந்தக் கண்ணு...” என்று ஆரம்பித்தார்.

“நீ குடுத்த கண்ணுதான். ஆத்தாளுக்கு வேணும்னா எடுத்துக்கட்டும். ஒரு கண்ணு போனா இன்னொண்ணு மங்கலா இருக்குது, அது போதும் எனக்கு. எட்டு வூடு போனா மங்கலாக் கூட மிச்சம் இருக்காது சார்.”

கொண்டுவந்திருந்த கோணிச்சாக்கை அப்போதுதான் பிரித்தது. உள்ளே ஏழாம் நம்பர் கொடி. வளைந்துபோயிருந்தது, தகரத்தின் ஓரத்தில் காய்ந்த கறை. “உன் பொருளு” என்று சொல்லி அதை அவர் காலடியில் சிமெண்ட் தரையில் படுக்க வைத்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கற்பூரக் கட்டியை எடுத்துத் தகரத்தின் நடுவில், நம்பருக்கு மேலே வைத்தது. நான் எட்டிப் பிடிக்கப் போனேன். “உக்காருப்பா, ஒன்னத் திட்டற நாள் இது இல்ல” என்றது.

தீக்குச்சி இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவதில் பிடித்தது. தகரம் சூடேறி, நான் அடித்த சிவப்புப் பெயிண்ட் குமிழ் குமிழாகப் பொங்கி வெடித்தது. சார் மடியில் இருந்த தாளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“என்னைத் தவிர ஒருத்தரும் உன் மேல கை வைக்கல” என்று மறுபடி சொன்னது அக்கா. சொல்லிவிட்டு, அவர் மணிக்கட்டை உடைத்த அதே வலது கையை ஓங்கி, எரிகிற கற்பூரத்தின் மேல் அறைந்தது. சதை பொரிகிற வாசனை வந்தது. கையை எடுக்கவில்லை. இடது கண்ணைச் சிமிட்டாமல் சாரையே பார்த்துக்கொண்டு, அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது.